ஜிப்ரி நானாவின் பதினாலாவது ஆள்

ஓர் ஆளை எண்ணிக் கணக்கில் சேர்த்துவிட்டு, அதே ஆளை வாவி நடுவே விட்டுவிட்டு வரலாம் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். ஆனால் இந்த வைகாசியில் அது நடந்தது. அந்தப் படகில் நானும் இருந்தேன். மூன்று கிழமை போய்விட்டது, இன்னும் அந்த அதிர்ச்சி என்னை விட்டுப் போகவில்லை.

ஜிப்ரி நானாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நானா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்கு அண்ணன். ஊர் காத்தான்குடி, வயது ஐம்பத்திரண்டு. நாவற்குடாவில் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள துறையில்தான் அவருடைய படகு நிற்கும். அவருடைய வாப்பா வாவியில் மீன் பிடித்தவர். இவர் சவூதியில் ஒன்பது வருடம் லொறி ஓட்டினார். அங்கிருந்து வந்ததும் ஒரு ஃபைபர் படகும் இஞ்சினும் வாங்கி, வெளிநாட்டுக்காரர் வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வந்தவர்களும் தனிப்படகின் வாடகையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒரு வருடம் ஈ ஓட்டிய பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. முன்பின் தெரியாதவர்களை ஒன்றாக ஏற்றினால் என்ன? ஆளுக்கு ஆயிரம் ரூபாய், பத்துப் பதினைந்து பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். மூன்று தீவு, மூன்று மணித்தியாலம்.

தீவு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முதலாவது எருமை மேயும் ஒரு திட்டு. இரண்டாவதில் கொக்கு, நீர்க்காகம், அவற்றின் எச்சம். மூன்றாவது கண்ணாக்காடு, அதாவது அலையாத்திக்காடு, மண்டிய ஒரு மணல்மேடு, மாரியில் பாதி தண்ணீருக்குள் போய்விடும். முதல் தடவை நான் மாரியில் போனபோது, "மூண்டு தீவு எண்டு எழுதியிரிக்கீங்க, மற்றது எங்க நானா?" என்று கேட்டேன். "அது இப்ப குளிக்கப் போயிரிக்கி டீச்சர். கோடையில வாங்க, முழுசாக் காட்டித் தாறன்" என்றார். இப்படிப்பட்ட வாயுள்ள மனிதரிடம் யார் கோபிப்பது? கோடையில் மறுபடி போனேன்.

எல்லாவற்றிலும் விளையாட்டுப் போக்கான அந்த மனிதர் ஒன்றில் மட்டும் கறார். படகில் ஏறிய ஆட்களை விரல் நீட்டி எண்ணக்கூடாது. தோணியில் ஏறியவர்களை எண்ணினால் திரும்பி வரும்போது ஒன்று குறையும் என்று வாப்பா பயப்படுத்தி வைத்திருந்தாராம். அதனால் அவர் செருப்பை எண்ணுவார். படகின் முன்பக்கம் ஒரு நீல மீன்பெட்டி இருக்கும். ஏறும்போது செருப்பைக் கழற்றி அதில் போட வேண்டும். தீவில் இறங்கும்போது எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். தீவை விட்டுக் கிளம்புமுன் பெட்டியில் உள்ள சோடிகளை எண்ணுவார். சோடி சரியென்றால் ஆள் சரி. "ஆள் ஏறாம செருப்பு மட்டும் ஏறி வாறதில்லயே டீச்சர்" என்பார். எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. பிழை வர இடமே இல்லாத கணக்கு என்று நினைத்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பரீட்சைத் தாள் திருத்தித் திருத்தித் தலை வெடித்துவிடும் போலிருந்ததால் தனியாகவே போனேன். பின்னேரம் இரண்டரைக்குப் படகு கிளம்பத் தயாரானது. கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஏறாவூர்ப் பொடியன்கள் ஒரு கூட்டம், புதிதாகக் கல்யாணம் கட்டிய ஒரு சோடி, நான். கடைசியாக ஒரு அம்மா வந்து ஏறினார். ஊதாநிறச் சேலை, தோளில் துணிப்பை, காலில் ஒன்றும் இல்லை.

"செருப்பு எங்கம்மா?" என்று ஜிப்ரி நானா கேட்டார்.

"கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி தம்பி. குளிர்த்தித் திருவிழா முடியுமட்டும் காலில போடமாட்டன்."

நேர்த்தி என்றதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. "அப்ப உங்கள நான் மனசில வெச்சிக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பார்த்தார். "பதின்மூண்டு. அம்மாவோட பதினாலு."

அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயர் சீதேவி, வயது அறுபத்தொன்று, ஊர் செட்டிபாளையம். கட்டாரில் வேலை செய்யும் மகன் ரதீஸ் அங்கிருந்தே போன் எடுத்து ஒரு இடம் பிடித்துக் கொடுத்திருந்தானாம். "வீட்டுக்குப் பின்னால இறங்கினா இந்த வாவிதான் பிள்ள. பிறந்ததிலயிருந்து கரையில நிண்டு பார்க்கிறன். நடுவில வந்து பார்த்ததில்ல" என்றார். பையைத் திறந்து எனக்குப் பயற்றம் பணியாரம் தந்தார். முதல் இரண்டு தீவிலும் எங்கள் எல்லோருக்கும் முன்பாக இறங்கினவர் அவர்தான். ஜிப்ரி நானா இரண்டு இடத்திலும் பெட்டியை எண்ணிவிட்டு, அவரைத் திரும்பிப் பார்த்து, "அம்மாவோட பதினாலு" என்றார்.

மூன்றாவது தீவை அடைந்தபோது நாலரை தாண்டிவிட்டது. இந்த மலிவுப் பயணத்தில் எல்லாம் உண்டு, பெண்கள் ஒதுங்க ஓரிடம் மட்டும் கிடையாது. இரண்டரை மணியிலிருந்து நாங்கள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். சீதேவியம்மாவால் முடியவில்லை. பையைப் பலகைக்குக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாக்காட்டுக்குப் பின்னால் போயிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஆம்பிளைகள் மத்தியில் எதைச் சொல்லிவிட்டுப் போவது? ஆள் கண்ணில் படாமலிருக்க நன்றாக உள்ளே போயிருக்கிறார். நேரமும் கொஞ்சம் எடுத்திருக்கிறது.

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. எல்லோரும் வந்து ஏறினோம். கொழும்புக் குடும்பம் படம் எடுக்க முன்னால் வந்ததால் நான் முன்பக்கத்திலேயே ஓரமாக இடம் மாறி இருந்தேன். ஜிப்ரி நானா பெட்டியைக் குனிந்து எண்ணினார். "பதின்மூண்டு, அம்மாவோட பதினாலு" என்றார். படகு கிளம்பியது.

அந்த அம்மா பின்னால் நிழலில் இருப்பார் என்று நான் நினைத்தேன். பின்னால் இருந்தவர்கள் என்னுடன் முன்னால் இருப்பதாக நினைத்திருப்பார்கள். ஆனால் உண்மையைச் சொன்னால் யாரும் எதையும் நினைக்கவில்லை. கூட்டாகப் போகும் படகில் ஒவ்வொருவரும் தன் தன் ஆட்களைத்தான் பார்ப்பார்கள். தனியாக வந்த ஒருத்தியைத் தேட யார் இருக்கிறார்கள்?

துறையில் இறங்கியதும் எல்லோரும் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஜிப்ரி நானாவின் மனைவி ஸாதியா அங்கே ஒரு தேத்தண்ணிக்கடை வைத்திருக்கிறா. நான் இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது வெறும் படகுக்குள்ளிருந்து ஒரு போன் அடித்தது.

ஜிப்ரி நானா போய்ப் பலகைக்குக் கீழிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். அதற்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. நான் பையை அடையாளம் கண்டேன். திரையில் 'மகன் ரதீஸ்' என்று இருந்தது. பையையும் போனையும் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"நான் எண்ணினன் டீச்சர்," என்றார். "பதின்மூண்டு. அம்மாவோட பதினாலு. எண்ணினன் டீச்சர்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதின்மூன்றைப் பெட்டியைப் பார்த்து எண்ணியிருக்கிறார். பதினாலாவதை வாய் தானாகச் சொல்லியிருக்கிறது. அந்த மூன்றாவது தடவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மெச்சிய கணக்கு அது.

போன் நின்று மறுபடி அடித்தது. அவர் அதை என் கையில் திணித்தார். "நீங்க பேசுங்க டீச்சர். எனக்கு ஏலாது."

எடுத்தேன். "அம்மா, எப்பிடி இரிந்திச்சு?" என்று ஒரு சந்தோசமான குரல் கேட்டது.

"நான் அம்மாவோட வந்த டீச்சர் தம்பி. அம்மா கால்முகம் கழுவப் போயிரிக்கா. கொஞ்ச நேரத்தால எடுங்க."

"சந்தோசமா இரிந்தாவா?"

"ஓம். நல்ல சந்தோசம்."

பொய் சொல்லாதீர்கள் என்று பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் வாய் இது. எவ்வளவு லேசாக வந்தது என்று நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஜிப்ரி நானா மணலில் குந்திவிட்டார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஸாதியா ஒரு துவாயையும் சுடுதண்ணிப் போத்தலையும் கொண்டுவந்து என்னிடம் தந்துவிட்டுக் கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினா. "எழும்புங்க. போய்க் கூட்டி வாங்க. அழுறதப் பொறகு அழலாம்."

போகும் வழியெல்லாம் அவர் வாயே திறக்கவில்லை. ஜிப்ரி நானா பேசாமல் இருந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தத் தீவைச் சுற்றி முதலை உண்டு என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. அந்த இருபத்தைந்து நிமிடத்தில் நான் எத்தனை தெய்வத்தைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

தீவில் ஆள் இல்லை.

கண்ணாக்காட்டைச் சுற்றி ஓடினோம். கூப்பிட்டோம். மேற்குப் பக்கத்தில், அக்கரையான படுவான்கரையைப் பார்த்த ஈரமணலில் காலடிகள் கிடந்தன. வெறுங்கால். ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. திரும்பி வந்த அடி ஒன்றும் இல்லை.

எனக்கு அது சட்டென்று விளங்கியது. அந்த அம்மா வாவிக்கரையில் பிறந்தவர். வைகாசியில் வாவி வற்றி இடுப்பளவில் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியும். நடந்தே அக்கரைக்குப் போய்விடலாம் என்று இறங்கியிருக்கிறார்.

"அங்கால ஓடை டீச்சர்," என்றார் ஜிப்ரி நானா. "படகு போக வெட்டின ஓடை. ஒரே அடியில ஆள் தாண்டும். செட்டிபாளையத்து ஆளுக்கு இது எப்பிடித் தெரியும்?"

போட்ட சேர்ட்டோடு தண்ணீரில் பாய்ந்தார். அம்மா, அம்மா என்று கத்திக்கொண்டு மார்பளவு தண்ணீரில் கைகளால் துழாவித் துழாவிப் போனார். அந்தக் காலடிகளுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். சந்தோசமா இருந்தாவா என்று கேட்ட அந்தப் பிள்ளைக்கு இனி நான் என்ன சொல்வேன்?

"ஜிப்ரி நானா! இஞ்ச, இஞ்ச!"

தீவின் வடக்கு முனையைச் சுற்றி ஒரு தோணி வந்தது. கம்பு ஊன்றித் தள்ளி வந்தவர் நிலோஜன் என்ற மீன்காரர், ஜிப்ரி நானாவுக்குத் தெரிந்தவர். தோணிக்குள் ஊதாநிறச் சேலை ஈரமாகக் குந்தியிருந்தது.

"வலைக் கம்பொண்டப் பிடிச்சிட்டு நிண்டா நானா," என்றார் நிலோஜன். "கழுத்துக்குத் தண்ணி. இன்னும் ரெண்டு எட்டு வெச்சிரிந்தா ஓடைக்குள்ள. ஆர் இந்த மனிசியை இஞ்ச விட்டுற்றுப் போனது?"

ஜிப்ரி நானா தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

சீதேவியம்மாவைப் படகுக்கு மாற்றி, துவாயால் போர்த்தி, சுடுதண்ணி கொடுத்தோம். பல் கிடுகிடுத்தது. அப்போது போன் மறுபடி அடித்தது. நான் நீட்டினேன். ஈரக் கையால் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஓம் மனே. நல்லா இரிந்திச்சு. எல்லாம் பார்த்தன். தண்ணிக்குள்ளயும் இறங்கினன்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்ல மனே, அழயில்ல. இஞ்ச காத்து. வீட்ட போய் எடுக்கிறன்."

படகு திரும்பியது. ஜிப்ரி நானாவால் தாங்க முடியவில்லை. "என்னை நல்லா ஏசுங்கம்மா" என்றார். "பொலிசில செல்லுங்க. என்ன வேணுமெண்டாலும் செய்யுங்க."

"ஏசி என்ன தம்பி."

"நாங்க கனதூரம் போகயில்லயே அம்மா. ஒரு சத்தம் போட்டிரிந்தா திரும்பியிரிப்பன்."

சீதேவியம்மா இன்னொரு மிடறு சுடுதண்ணி குடித்தார்.

"சத்தம் போட்டன் தம்பி. இஞ்சின் சத்தத்தில கேக்கயில்லயாக்கும். பிறகு முந்தானையத் தூக்கி வீசினன். எல்லாரும் என்னைத்தான் பார்த்தீங்க." எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சிரிச்சிச் சிரிச்சிக் கைகாட்டினீங்க."

எனக்கு ஞாபகம் வந்தது. கரையோரம் ஒரு பெண். பின்னால் வெயில், அதனால் முகம் தெரியவில்லை. யாரோ மீன்காரரின் மனைவியாக்கும் என்று நினைத்தேன். விடாமல் கை அசைக்கிறாளே, எவ்வளவு அன்பான சனம் என்று நினைத்தேன். கொழும்புப் பிள்ளைகள் டாட்டா சொன்னார்கள். ஏறாவூர்ப் பொடியன்கள் விசில் அடித்தார்கள். ஆள் புள்ளியாகும்வரை நானும் கை அசைத்தேன்.

"நானும்..." என்று தொடங்கினேன்.

"ஓம் பிள்ள, நீங்களுந்தான்," என்றார். அவருடைய குரலில் கோபம் இல்லை. "ஆனா முதல்ல காட்டினது தம்பிதான். எழும்பி நிண்டு காட்டினார். கண்டிட்டார், இனித் திருப்புவார் எண்டு நினைச்சன்."

ஜிப்ரி நானா இஞ்சினை நிறுத்திவிட்டார். படகு இருந்த இடத்தில் ஆடிக்கொண்டு நின்றது. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சீதேவியம்மா துவாயை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டார்.

"போங்க தம்பி," என்றார். "எனக்குக் குளிருது."