சந்தனம் தின்ற மிஷின்

மெல்பர்னில் எங்கள் பெயின்ட் கம்பெனி முதலாளியை நான் "கிரெக்" என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். வந்த புதிதில் "சார்" என்றேன். நான் கிண்டல் பண்ணுவதாக நினைத்து மனுசன் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் அவர் என் ஸ்ப்ரே கன் முனைக்கு நேராகக் கையை நீட்டினார். "ஸ்டாப்!" என்று கட்டடமே அதிரக் கத்திவிட்டேன். வேலை போச்சு, அடுத்த பிளேனில் தென்காசிதான் என்று நின்றால், "குட் கால்", நல்லவேளை சொன்னாய் என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். கத்தினதுக்கு நன்றி சொல்லும் ஊர் இது.

அதே சத்தத்தை ஊரில் வைத்துப் போட்டதுதான் நான் செய்த மடத்தனம்.

தென்காசி பக்கம் குத்துக்கல்வலசையில் அக்கா வீடு கட்டி முடித்திருந்தாள். எட்டு வருசமாக அவள் வீட்டு விசேஷம் எல்லாவற்றையும் நான் போனில்தான் பார்த்தேன். அந்தக் குற்றவுணர்ச்சி எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன். அதனால் பால்காய்ப்புக்கு நாலு நாள் முன்னாலேயே வந்து, "ஹால் சுவரெல்லாம் என் பொறுப்பு, ஒருத்தனும் பிரஷ்ஷைத் தொடப்படாது" என்று சவால் விட்டேன். கன் என்னுடையது, பெட்டியில் கொண்டுவந்தேன். பம்ப்பைத் தென்காசியில் வாடகைக்கு எடுத்தேன். ஏர்லெஸ் மிஷின் என்பது காற்றைக் கலக்காமல் பெயின்ட்டையே நெருக்கி, ஊசித் துளை வழியாகப் புகையாக விடுவது. நாலு பேர் ரெண்டு நாள் பூசுவதை ஒரு காலையில் முடிக்கும்.

அரைச் சுவர் வரை ஜோராகப் போனது. அப்புறம் விட்டுவிட்டுத் துப்ப ஆரம்பித்தது. போதாக்குறைக்கு வெள்ளையில் லேசாக ரோஸ் நிறம் வேறு. முனையில் அடைப்பு இருந்தால் அதைத் திருப்பிப் போட்டு ஒரு தடவை அடித்தால் போதும், அடைப்பு தானாக வெளியே வந்துவிடும். அதற்காக முனையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அத்தான் எட்டிப் பார்த்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், சும்மா நிற்க மாட்டார். "இங்கன என்னமோ ஒட்டியிருக்கு மாப்ள, தொடச்சு விடுதேன்" என்று ஆள்காட்டி விரலை, முனையைச் சுற்றியிருந்த மஞ்சள் விரல்காப்பையும் தாண்டித் துளைமேலேயே கொண்டுபோனார்.

"கைய எடுலே!"

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அக்கா புருசனை, தலை நரைத்த மனுசனை, கொத்தனார் சித்தாள் எல்லாரும் பார்க்க 'லே' போட்டுவிட்டேன். அத்தான் கத்தவில்லை. தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "மரியாத இல்லாத எடத்துல நான் பால் காய்ச்ச உக்கார மாட்டேன். ஒந்தம்பிய வச்சே காய்ச்சிக்கோ" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். குற்றாலத்துச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது, நனைந்தபடியே நின்றார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஆனாலும் என் கை தன் வேலையை விடவில்லை. மோட்டாரை நிறுத்தி, அழுத்தத்தை வாளிக்குள் இறக்கி, கன்னின் விசையைப் பூட்டினேன். முனையில் அடைப்பு ஒன்றுமில்லை. அப்படியென்றால் கோளாறு பெயின்ட் ஏறுகிற பக்கம்தான். உறிஞ்சு குழாயைத் தூக்கினேன். அதன் அடியில் இருக்கும் சல்லடையில் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமம்.

"யாருக்கா வச்சது?"

"நாந்தாம்லே. புது வேலைக்கு வந்த மிஷினப் பொட்டு வைக்காமயா எடுப்பாக? அதுதான வாயி, அங்கன வச்சா நல்லாத் திங்கும்னு வச்சேன்" என்றாள் அழுகையோடு. கன்னின் பின்பக்கமும் ஒரு பொட்டு இருந்தது. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சல்லடையைக் கழுவி மாட்டி, மோட்டாரை மறுபடி ஓடவிட்டேன். வாசலில் கட்ட வாழைமரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு துண்டை எடுத்து அத்தான் முன்னால் வைத்து, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, முனையை நெருக்கி வைத்து, கண் இமைக்கும் நேரம் விசையைத் தொட்டேன். வெளியே ஒரு பொட்டுத் துளைதான். அரிவாளை அவரிடம் நீட்டி, "வெட்டிப் பாருங்க அத்தான்" என்றேன். வெட்டினார். உள்ளே ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் பரவிக் கிடந்தது.

அவர் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார்.

"இது எனக்குள்ள போயிருக்குமோ?"

"ஆமா அத்தான். வெரலையே எடுக்க வேண்டி வந்திருக்கும். ஆனாலும் நான் பேசினது தப்பு, மன்னிச்சிருங்க."

அத்தான் அரிவாளைக் கீழே வைத்தார். "பட்டாளத்துல நானா இருந்தா ஒன்னயவிடக் கேவலமாக் கத்தியிருப்பேன்" என்றார். "நின்னுக்கிட்டே இருக்க? சாரல் வலுக்குது, சுவரு காயாண்டாமா? போய் அடி."

மூன்றாம் நாள் விடியலில் பால் பொங்கியபோது அத்தான்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என்னையும் இழுத்து உட்கார வைத்தார்.

போன வாரம் இங்கே மெல்பர்னில் கிரெக் என் கன்னைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் துரு பிடித்திருக்கிறதே, சுரண்டிவிடவா என்று கேட்டார். துரு இல்லை, அது சேஃப்டி மார்க் என்றேன். தலையாட்டிக்கொண்டார். அவருக்கு என்ன புரிந்ததோ, நான் சொன்னது பொய்யில்லை. முன்பக்கம் இந்த நாட்டுக்காரர்கள் மாட்டிவிட்ட மஞ்சள் விரல்காப்பு, பின்பக்கம் அக்கா வைத்த பொட்டு. விசையைப் பிடிக்கிற என் விரல், இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிறது.