மூத்தவர் மகள் அருள்மொழி

பட்டக்காரர் வீட்டில் எல்லோருக்கும் ஓர் உறவுமுறை இருந்தது; அருள்மொழிக்கு மட்டும் இல்லை. மலைமேல் தேவனூர் நாட்டில் எந்தப் பஞ்சாயத்தும் அந்த வீட்டு வாசலில்தான் முடியும். அங்கேதான் அவள் வளர்ந்தாள், அங்கிருந்துதான் பள்ளிக்கூடம் போனாள். ஆனாலும் பட்டக்காரர் குழந்தைசாமியையும் அவர் மனைவி அம்சவேணியையும், வேலைக்கு வருகிறவர்களைப் போலவே, ‘ஐயா’, ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டாள்.

காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்கு வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனவர்களின் குழந்தை என்று சொல்லித்தான் குழந்தைசாமி அவளை வீட்டுக்குத் தூக்கிவந்தார். அப்போது அவள் நடை பழகியிருக்கவில்லை. குழந்தைசாமியின் அப்பா, பழைய பட்டக்காரர், உயிரோடு இருந்த காலம் அது. அவர் குழந்தையை ஒருமுறை பார்த்துவிட்டு, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

சோறு ஊட்டியது, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தது, வயதுக்கு வந்தபோது புதுப்புடவை எடுத்துக் கொடுத்தது எல்லாம் அம்சவேணிதான். ஆனால் தலை சீவிக்கொண்டிருக்கும்போதே அவள் கை நின்றுவிடும். பெண்ணின் முகத்தைத் திருப்பி, நெற்றியையும் தாடையையும் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு பாதி பின்னிய சடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். தன்னிடம் ஏதோ குறை என்று அருள்மொழி நினைத்துக்கொண்டாள். அதைச் சரிக்கட்டுவதற்காக, யாரும் ஏவாமலே மிளகைக் காயப்போட்டாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், சாமைச் சோறு ஆக்கினாள்.

அவளுக்கு மூன்று வயது மூத்தவன் அந்த வீட்டின் ஒரே பிள்ளை சசிதரன். விவசாயப் படிப்பு முடித்து மலைக்குத் திரும்பியவன், ஒருநாள் அவளிடம் நேராகவே கேட்டான், கட்டிக்கொள்கிறாயா என்று. ஆனால் அவள் மனம் செல்வத்திடம் இருந்தது. அதே மலையின் குண்டூர் நாட்டுக்காரனான செல்வம், மிளகு மூட்டைகளைச் சோளக்காட்டுச் சந்தைக்கு ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். பெண் கேட்டு வருகிறேன் என்று அவன் சொல்லிக்கொண்டேயிருந்தான். பொறுங்கள் என்று இவள் தள்ளிப்போட்டுக்கொண்டேயிருந்தாள். சசிதரன் மேலும் அவளுக்குப் பிரியம் உண்டு, ஆனால் அது வேறு பிரியம். அந்த வீட்டுச் சோற்றில் வளர்ந்துவிட்டு அந்த வீட்டுப் பிள்ளையிடம் மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது என்றுதான் தவித்தாள். அவள் பேசாமல் இருந்ததைச் சசிதரன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

காலைச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் அவன் விஷயத்தைச் சொன்னான். குழந்தைசாமி தட்டைத் தள்ளிவைத்தார். அது மட்டும் நடக்காது என்றார். ஏன் என்று மகன் கேட்டான். பரிமாறிக்கொண்டிருந்த அம்சவேணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இப்பவாச்சும் சொல்லிப்போடுங்க. அவ உங்க புள்ளதானுங்களே?”

குழந்தைசாமிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை வருடமாக மனைவி எதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் குழந்தைக்குச் சோறு போட்டாள் என்பது மெல்ல மெல்லத்தான் அவருக்குப் புரிந்தது.

“எம் புள்ள இல்ல, அம்சா. அண்ணன் புள்ள.”

அண்ணன் செல்லமுத்துதான் அந்த வீட்டின் மூத்தவர். பட்டம் அவருக்கு வரவேண்டியது. ராசிபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அவர் மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குப் போய்விட்டார். பழைய பட்டக்காரர் மகனைத் தலைமுழுகினார். அவன் வழியில் ஒரு குஞ்சும் இந்த வாசல் மிதிக்கக் கூடாது என்று அம்மன் மேல் ஆணையிட்டார். செல்லமுத்துவும் மனைவியும் ஒரு லாரி விபத்தில் போனபோது சேதி குழந்தைசாமிக்கு மட்டும்தான் வந்தது. அண்ணன் குழந்தை என்றால் அப்பா சேர்க்கமாட்டார் என்றுதான் கூலிக்காரர் குழந்தை என்று பொய் சொன்னார். அப்பா இறந்த பிறகு சொல்லியிருக்கலாம். அதற்குள் பட்டமும் நிலமும் தன் கைக்கு வந்துவிட்டிருந்தன. நாளை நாளை என்று நாக்கு எழவில்லை என்றார். நிலத்துக்கு ஆசைப்படவில்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அம்சவேணி தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டிருந்தவள் இடையில் சிரித்தாள். பாதிச் சொத்து கைவிட்டுப் போகப்போகிறது என்பது அவள் காதில் ஏறவேயில்லை. எழுந்து களத்துக்குப் போனாள். அங்கே மிளகு துழாவிக்கொண்டிருந்த அருள்மொழியைக் கட்டிக்கொண்டாள்.

“நானு உனக்குச் சின்னம்மா, கண்ணு. இத்தன நாளு உன்னயப் பாதி மனசோடதான் வளத்தேன். அது உந்தப்பு இல்ல சாமி.”

சசிதரன் தனக்கு அண்ணன் முறை என்று தெரிந்ததும் அருள்மொழிக்கு முதலில் வந்தது நிம்மதி. அவன் முகத்தைப் பார்த்தபோது அப்படி நிம்மதிப்பட்டதற்குக் கூச்சமாக இருந்தது. கோபம் பிறகுதான் வந்தது. அவள் குழந்தைசாமியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“எங்கம்மா பேரு என்னங்க?”

“ராசாமணி. எங்கண்ணனவிடச் சத்தமாச் சிரிக்கும்.”

அந்த மிளகுக் காலம் முடியும்வரை அவள் அவரோடு பேசவில்லை. சோறு மட்டும் எடுத்து வைத்தாள். அவரும் சமாதானம் பேச வரவில்லை. நாட்டுக் கூட்டத்தைக் கூட்டி, தான் மறைத்ததை எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். ஓடைப்பக்கத்துக் காப்பித் தோட்டத்தையும் மேட்டுக்காட்டையும் அவள் பேருக்கு எழுதி வைத்தார். பங்காளிகளுக்கு அது பிடிக்கவில்லை. கீழ்நாட்டுக்காரி வயிற்றில் பிறந்தவளுக்கு மூத்த வழி உரிமை ஏது என்றார்கள்.

அதற்குப் பதில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் கிடைத்தது. நோம்பியின்போது முதல் மாவிளக்குத் தட்டு பட்டக்காரர் வீட்டு மூத்த வழிப் பெண்ணுடையது. மாமனார் காலத்திலிருந்து அதை அம்சவேணிதான் எடுத்துவந்தாள். அவளுக்கு அதில் பெருமையும் உண்டு. அந்த வருடம் மேளம் தொடங்கியதும் அவள் தட்டை அருள்மொழியின் கையில் கொடுத்துவிட்டு, அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பங்காளி வீட்டு மூத்தவர் ஒருவர் ஏதோ சொல்ல முன்னால் வந்தார். அம்சவேணி அவரைத் திரும்பிப் பார்த்தாள், அவர் வழிவிட்டார். அருள்மொழிக்குத் தட்டு கனத்தது. கோவில் வாசல்வரை அழுதுகொண்டேதான் நடந்தாள். அன்று வீட்டுக்கு வந்ததும் குழந்தைசாமியிடம், “காப்பி குடிக்கிறீங்களா, சித்தப்பா?” என்று கேட்டாள்.

செல்வம் பெண் கேட்டு வந்தபோது பங்காளிகளிடையே மறுபடி பேச்சுக் கிளம்பியது. பட்டக்காரர் வழியில் வந்தவளுக்கு ஜீப் ஓட்டுகிறவனா என்றார்கள். இந்தத் தடவை அருள்மொழியே பதில் சொன்னாள்.

“அனாதையா இருந்தப்ப எனக்கு ஜீப் டிரைவரே அதிகம்னிருப்பீங்க. இப்ப அவரு கொறஞ்சு போயிட்டாருங்களா?”

சசிதரன் கல்யாணத்துக்கு வரவில்லை. கோயம்புத்தூரில் ஒரு விதைக் கம்பெனியில் வேலை என்று போனவன், நோம்பிக்குக்கூட மலையேறவில்லை. அருள்மொழிக்குப் பெண் பிறந்தது. கௌசிகா என்று பேர் வைத்தார்கள். காது குத்த மாமன் மடி வேண்டும். பட்டக்காரர் வீட்டுப் பங்காளிகளில் மாமன் முறைக்காரர் யாராவது உட்காரட்டும் என்று செல்வத்தின் வீட்டில் சொன்னார்கள். இவள் ஒத்துக்கொள்ளவில்லை. சசிதரனுக்குப் போன் செய்து, நீ வரும்போது வா, அதுவரை என் பிள்ளை மூளிக் காதோடு இருக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவன் ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தான். தங்கத் தோடு ஒரு ஜோடி கொண்டுவந்திருந்தான். குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்தான். அது வீறிட்டபோது அவன் கண்ணும் கலங்கியது. எதற்குக் கலங்கியது என்று அருள்மொழி கேட்கவில்லை. கிளம்பும்போது, தனக்கு சுஜிதா என்று ஒரு பெண் பார்த்திருக்கிறார்கள், நீயும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுச் சொல் என்றான்.

இப்போது சசிதரன் குடும்பத்தோடு மலையில்தான் இருக்கிறான். செல்வத்திடம் ஜீப் போய் பிக்கப் வண்டி வந்திருக்கிறது. அம்சவேணி வாரத்தில் பாதி நாள் மகன் வீட்டிலும் பாதி நாள் அருள்மொழி வீட்டிலுமாக இருக்கிறாள்; பொங்கலுக்கு எந்த வீடு என்பதில் வருடா வருடம் சண்டை. குழந்தைசாமி தோட்டத்துக்கு வந்து நிழல்மரக் கிளையை ஏன் இத்தனை வெட்டினாய் என்று குறை சொல்வார். அருள்மொழியும் விடமாட்டாள்.

இந்த வருடம் மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது. ஏணி போட்டுப் பறிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. சசிதரனிடம் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.