தவமலர் அக்காவின் சுற்றுக் கொப்பி

புதன்கிழமை மதியம் தொலைபேசி வந்தது. கொழும்பு பாமன்கடையில் தவமலர் அக்கா வாடகைக்கு இருந்த வீட்டுக்காரி ஹாஜரா உம்மா பேசினார். "மகள், மலர் போயிட்டா. காய்ச்சல் எண்டு நேத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்." சற்று நேரம் அழுதார். பிறகு, "யாழ்ப்பாணத்தில இருக்கிற அவட உம்மா எப்பிடி வருவா? ரோட்டும் பூட்டிக் கிடக்கே" என்றார்.

அக்காவை அறிந்த பல்கலைக்கழக நண்பர்களே, உங்களுக்கு இது தெரியும். பட்டம் பெற்ற கையோடு ஒரு நேர்முகப் பரீட்சைக்காகக் கொழும்புக்கு வந்தவர் அவர். வந்த வாரமே போரால் யாழ்ப்பாணப் பாதை மூடப்பட்டது. "ஒரு கிழமைக்குத்தான் உடுப்புக் கொண்டு வந்தனான். ரெண்டு வருசமா அதைத்தான் தோய்ச்சுப் போடுறன்" என்று சிரிப்பார். எங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறிய பலரும் அப்படித்தான் வெள்ளவத்தை லொட்ஜுகளிலும் கொட்டாஞ்சேனை மாடி அறைகளிலும் அடைபட்டிருந்தோம். ஊருக்குப் போக வழியில்லை. வெளிநாட்டுக்கு விசா இல்லை. தமிழர் கட்டாயம் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தியபடி இருந்தோம். நான்கு பேர் கூடி நின்றால் விசாரிப்பார்கள். தொலைபேசியில் மனம்விட்டுக் கதைக்கவும் பயம்.

அக்கா ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கினார். முதல் பக்கத்தில் இப்படி எழுதினார்: "படிப்பு முடிஞ்சுது எண்டு ஆளையாள் மறக்கேலாது. ஒரு பக்கம் எழுதிப்போட்டு அடுத்த ஆளிட்டைக் குடுங்கோ." கொப்பி தெமட்டகொடை வரை கைமாறிப் போய்த் திரும்பும். யாருக்கு வேலை கிடைத்தது, யாருடைய வீட்டில் ஷெல் விழுந்தது எல்லாம் அதில் இருக்கும். எங்கள் கன்டீன் தேநீரைத் திட்டி ஒருவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். என் வேலையே அதில் தாவரவியல் படித்த நண்பர் ஒருவர் எழுதிய நான்கு வரிகளால் கிடைத்ததுதான்.

கொப்பி என்னிடம் இருந்தபோது பொலிஸார் எங்கள் லொட்ஜைச் சோதனையிட்டார்கள். தமிழ் தெரியாத அதிகாரிக்கு அதில் பெயர்களும் விலாசங்களும் மட்டுமே கண்ணில் பட்டன. என்னை நிலையத்துக்குக் கொண்டுபோய், "யாருடையது?" என்று கேட்டார்கள். எவரும் என்னை அடிக்கவில்லை. பத்து நிமிடத்துக்குள் அக்காவின் பெயரையும் விலாசத்தையும் சொல்லிவிட்டேன்.

கையெழுத்தை வைத்துத்தான் அவரைப் பிடித்தார்கள் என்று உங்களில் பலர் இன்றும் நம்புகிறீர்கள். அப்படியில்லை. நான்தான் சொன்னேன்.

என்னை அன்று மாலையே விட்டார்கள். அக்காவை மூன்று நாள் வைத்திருந்தார்கள். தெரிந்த சிங்களத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் அவர்களுக்கு வாசித்துச் சொன்னாராம், தேநீர்க் கதை உட்பட. கடைசியில் அவரை விட்டார்கள், கொப்பியைத் தரவில்லை.

"அக்கா, நான்தான்..." என்று அவர் முன்னால் தொடங்கினேன்.

"தெரியும். அந்தப் பொலிஸ்காரனே சொன்னவன். விடும். சாப்பிட்டனீரோ?"

அவர் அதை விட்டுவிட்டார். நான் இன்னும் அந்த விசாரணை அறைக்குள்தான் இருக்கிறேன்.

அதன் பிறகு இன்னொரு கொப்பியைத் தொட எவரும் தயாராக இல்லை. "எங்கடை பேரை இனி எங்கையும் எழுதாதேங்கோ" என்றார்கள். அக்கா எழுதவில்லை. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி இரண்டு மூன்று வீடுகளுக்கு நேரில் போனார். "எழுதத்தானே பயம்? நான் வந்து பாத்திட்டுப் போறன்." எல்லாக் கதவும் திறக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒருவர், தன் செருப்பு வாசலில் கிடக்க, தான் வீட்டில் இல்லையென்று ஆள் விட்டுச் சொன்னார். அடுத்த மாதமும் அக்கா அங்கே போனார்.

பெயர்ப் பட்டியல் எதுவும் இல்லாததால் சாவுச் செய்தியை யாருக்குச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மூன்று பேருக்குச் சொன்னேன். வியாழக்கிழமை, அக்காவின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். அந்தக் கொட்டாஞ்சேனை நண்பரும் வந்திருந்தார். அக்காவின் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து என் செல்போனுக்கு எடுத்தார்.

"பிள்ளை, அவளுக்கு அங்கை ஆக்கள் ஆரும் நிக்கினமோ?"

"ஓம் அம்மா. கனபேர்."

"எனக்குக் கேக்கச் சொல்லு."

போனைக் கைமாற்றினோம். ஒவ்வொருவரும் தன் பெயரையும் படித்த பீடத்தையும் சொன்னார். முதலில் மெதுவாகத்தான். கொட்டாஞ்சேனை நண்பர் சொன்னது வாசலில் நின்ற காவலாளிக்கும் கேட்டிருக்கும்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை அவருடைய சனிக்கிழமைகள். போன வாரம் எப்படியோ அனுமதி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த இரண்டு பட்டதாரிகள் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருக்கிறார்களாம். நாளை போய்க் கதவைத் தட்டப் போகிறேன். திறக்காவிட்டால் அடுத்த மாதமும் போவேன்.