கயலுக்கு ஒரு பாஷை

பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவுக்கு வந்த புதிதில் எதிர்வீட்டு அம்மாளைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்வேன். அவர் கெட்டவர் இல்லை. காலையில் வாசல் கூட்டும்போதும் சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போதும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார். "ஊட்டா ஆய்த்தா?" பிள்ளைக்கு ஊட்டியாகிவிட்டதா என்று கேட்கிறார் என்றே நான் நினைத்தேன். என் மகள் கயலுக்கு அப்போது பதினைந்து வயது. பதற்றம் கூடும் நாட்களில் அவள் கை தட்டுக்குப் போகாது, நான்தான் பிசைந்து ஊட்டுவேன். அது இந்த அம்மாளுக்கு எப்படித் தெரிந்தது, ஏன் தினமும் அதைச் சொல்லிக் காட்டுகிறார் என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் வாட்ச்மேனிடமும் அதையே கேட்டார். பிறகு சிலிண்டர் கொண்டுவந்தவரிடமும் கேட்டார். கன்னடத்தில் ஊட்டா என்றால் சாப்பாடு. சாப்பிட்டாயிற்றா என்றுதான் அந்த மனுஷி என்னை மாதக்கணக்கில் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த முறை கேட்டபோது, "ஆச்சும்மா, உங்களுக்கு?" என்றேன். அவர் பெயர் கௌரம்மா என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்களுக்கு ஊர் போளூர். என் கணவர் அத்திபெலே பக்கம் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டராக இருக்கிறார். பல வருஷம் அவர் இங்கேயும் நாங்கள் அங்கேயுமாக இருந்தோம். கயலுக்குப் பேச்சு தாமதமாக வந்தது. இன்றைக்கும் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேச மாட்டாள். எழுத்து மனதில் நிற்காது. எட்டாவது வரைக்கும் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அதற்கு மேல் எங்களால் முடியாது என்று தலைமையாசிரியை தன்மையாகவே சொன்னார். வயதுக்கு வந்த பிறகு பயமும் சேர்ந்துகொண்டது. கூட்டம், ஹார்ன், திடீரென்று தொடும் கை என்று எதைக் கண்டாலும் மூச்சு வாங்கும். ஆனாலும் போளூரில் அவள் தெருவில் தனியாக நடப்பாள். வழி தவறினால் யாராவது கொண்டுவந்து விடுவார்கள். "இது நம்ம கயலு" என்பதற்கு மேல் அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அவளுக்கு என்ன பிரச்சினை, அதற்கு என்ன செய்யலாம் என்று சொல்லத் தெரிந்தவரும் அங்கே யாருமில்லை. பெங்களூரில் எல்லாம் இருக்கிறது என்று நம்பித்தான் பெட்டி கட்டினோம்.

எல்லாம் இருந்தது. எங்களுக்குப் பக்கத்திலேயே, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு தெரபி சென்டர் இருந்தது. அங்கிருந்த இளம்பெண்ணுக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. கயலை அரைமணி நேரம் பார்த்துவிட்டு என்னிடம் பொறுமையாகச் சொன்னார். "மம்மா, ஒன் லாங்க்வேஜ். ஒன்லி இங்கிலீஷ். அட் ஹோம் ஆல்ஸோ." இரண்டு மூன்று பாஷை காதில் விழுவதால்தான் பிள்ளை குழம்புகிறது என்று அவர் கையை ஆட்டிக் காட்டியது எனக்கு நியாயமாகவே பட்டது. படித்தவர் சொல்கிறார், மகளுக்கு நல்லது என்கிறார். அன்று முதல் வீட்டில் நான் தமிழை விட்டேன். கம். ஈட். ஸிட். டோன்ட் க்ரை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஏவ மட்டுமே முடியும். கொஞ்சுவதற்கு அதில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே கயல் என் முகத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டு, வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளிக்கக் கூப்பிட்டால் கிரில், சாப்பிடக் கூப்பிட்டாலும் கிரில். விரலைப் பிரிக்கப் போனால் அலறுவாள். வீட்டு ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்து, என்ன விஷயம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒருநாள் கௌரம்மா வந்து நின்றார். கயலைத் தொடவில்லை, அதட்டவில்லை. கிரில்லுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது என்னிடம் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "பெரிய ஆஸ்பத்திரி காட்டு. நானு வரேன். ஒட்டிகே போலாம்." ஒட்டிகே என்றால் சேர்ந்து என்று அர்த்தமாம். இந்த ஊரில் அந்தச் சொல்லை என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் கயல் ஒரு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மனநல ஆலோசகர் ரூபா மேடம் மல்லேஸ்வரத்துக்காரர். மூன்று தலைமுறையாகப் பெங்களூரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு அதே மேஜைக்கு அடியில் உட்கார்ந்தார்.

"இங்க நல்லாருக்குல்ல? சத்தமே இல்ல," என்றார்.

அவர் அவசரப்படவில்லை. வெகுநேரம் கழித்து, "உனக்கு இந்த ஊர்ல என்னம்மா கஷ்டம்?" என்று கேட்டார்.

"அம்மா பேசல," என்றாள் கயல்.

நான் தினமும் பேசிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று வாய் திறந்தவள், அப்படியே மூடிக்கொண்டேன். ரூபா மேடம் வெளியே வந்து முழுவதையும் கேட்டார்.

"தமிழ நிறுத்தச் சொன்னது யாரு? அப்படில்லாம் ஒண்ணுமில்லம்மா. தமிழ்லயே பேசுங்க, நெறைய பேசுங்க. வெளிய இருக்கிற பாஷைய ஸ்வல்பம் ஸ்வல்பமா கத்துப்பா. பயம் வர்றப்போ புடிச்சிக்கறதுக்கு அவளுக்கு ஒரு பாஷை இருக்கணும் இல்லையா?"

திரும்பும் வழியெல்லாம் நான் பேசினேன். ஜன்னலில் தெரிந்த மாடு, பாலம், துணிக்கடை பொம்மை, ராத்திரிக்கு என்ன குழம்பு என்று எதையும் விடவில்லை. பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கயல் என் தோளில் சாய்ந்து, ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டே வந்தாள்.

மல்லேஸ்வரத்தில் பெற்றோர்களே சேர்ந்து நடத்தும் ஓர் இடத்தை ரூபா மேடம் காட்டினார். கயலைப் போன்ற வளர்ந்த பிள்ளைகள் பகலில் அங்கே சமைக்கிறார்கள், கடைக்குப் போய்வரப் பழகுகிறார்கள், பாடுகிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து அது நகரத்தின் மறு கோடி. பஸ்ஸில் போய் மெட்ரோ ஏறி, நடுவில் இன்னொரு மெட்ரோ மாற வேண்டும். முதல் நாள் மாறும் இடத்தில் கூட்டத்தைப் பார்த்ததும் கயல் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். கூட வந்த கௌரம்மாவும் புடவையைச் சுருட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். காவலர் வந்து உட்காரக் கூடாது என்றார். கௌரம்மா நிமிர்ந்து பார்த்துக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் காவலர் போகாமல் எங்களுக்கு முன்னால் நின்று, வருகிறவர்களை அந்தப் பக்கமாகப் போகச் சொல்லிக் கைகாட்டிக்கொண்டிருந்தார். மூன்று ரயில்களை விட்ட பிறகு கயல் தானாக எழுந்தாள்.

மல்லேஸ்வரத்து இடத்தில் அவள் முன்னும் பின்னும் ஆடியபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் ஒரு டம்ளர் காபியை முழுதாகக் குடித்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பெங்களூருக்குப் பிள்ளையோடு வந்திருக்கும் நம்மவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இடம் இருக்கிறது, ஆனால் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். யார் சொன்னாலும் பிள்ளையோடு பேசும் பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஆனாலும் ராகிக் களி கிண்டும்போதும் மெட்ரோவில் நிற்கும்போதும் போளூர் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். அங்கே நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. யாரும் கேட்காமலே என் மகளின் கை நிறைந்துவிடும்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். திரும்பும் நாளில், பஸ் ஸ்டாண்டில் சேகர் அண்ணனின் ஸ்வீட் கடைக்கு முன்னால் நின்றோம். குழந்தையிலிருந்து கயலைப் பார்த்தவர் அவர். அவளைக் கண்டதும் வழக்கம்போல ஒரு கடலை மிட்டாயை எடுத்து அவள் கையில் திணித்தார். கயல் அதைத் திருப்பி நீட்டினாள்.

"பேடா," என்றாள்.

சேகர் அண்ணனுக்கு ஒரே சிரிப்பு. "பெங்களூர் போய் பெரிய ஆளாயிட்டா. மிட்டாய் ஆவாதாம், பேடா கேக்குறா பாரு." பாட்டிலைத் திறந்து ஒரு பால் பேடாவை எடுத்தார்.

"பேடா. பேடா."

"இரும்மா, தரேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்பதற்குக் கன்னடத்தில் அதுதான் சொல். மறுக்கத் தெரிந்தாலே அவளுக்குப் பாதி பயம் போய்விடும் என்று ரூபா மேடம் சொல்ல, மல்லேஸ்வரத்தில் அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். நான் குறுக்கே புகுவதற்குள் அவள் உள்ளங்கையை அவருக்கு நேராக உயர்த்தினாள். மூச்சு வாங்கியது, ஆனால் அலறவில்லை.

"வேணாம்," என்றாள்.

சேகர் அண்ணன் என்னைப் பார்த்தார். "வேணாமாம்மா?"

"அவளையே கேளுங்கண்ணா."

"வேணாமா கயலு?"

"வேணாம்."

அவர் பேடாவைப் பாட்டிலில் போட்டு மூடினார். துடைக்க ஒன்றுமில்லாத கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். "சரிம்மா. இனிமே கேட்டுட்டே குடுக்குறேன்," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் அசலூர் ஆளிடம் பேசும் மரியாதை ஒன்று அதில் புதிதாக வந்திருந்தது.

பெங்களூர் வண்டி வந்து நின்றது. கயல் என் கையை எதிர்பார்க்காமல் நடந்துபோய், கணவருக்குப் பின்னால் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து இடத்தில் கைக்குட்டையை எனக்காகப் போட்டு வைத்தாள். அவளுக்காகச் சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான், சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். நான் இன்னும் கடைக்கும் வண்டிக்கும் நடுவில், சேகர் அண்ணனிடம் ஊர்க்காரியைப் போலப் போய்வருகிறேன் என்று சொல்வதா, விருந்தாளியைப் போல வருகிறேன் என்று மட்டும் சொல்வதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.