இடது வளைவுல உரசின வண்டி

தனக்கு 'டார்ச்சு'ன்னு பட்டப்பேரு வெச்சது யாருன்னு அவருக்கு இன்னமும் சந்தேகம்தான். பக்கத்து வீட்டுத் தையல்காரர் மேல பாதி, எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் மேல மீதி. ஆனா பேரு பொருத்தமில்லைன்னு சொல்ல முடியாது. சட்டைப் பையில பேனா இருக்க வேண்டிய எடத்துல விரல் நீளத்துக்கு ஒரு டார்ச்சு இருக்கும். பட்டப்பகல்லயும் அதை அடிச்சுத்தான் எதையும் பார்ப்பாரு. கடையில தராசுத் தட்டைத் தூக்கி அடிப்பக்கம் அடிப்பாரு. பொண்டாட்டி சிரிச்சா, "எதுக்கு இப்ப சிரிக்கிற?"ம்பாரு. சிரிக்கலைன்னா, "ஏன் உம்முன்னு இருக்க?"ம்பாரு. அந்தம்மா ரெண்டுக்கும் ஒரே பதில்தான் வெச்சிருந்துச்சு: "சாப்பிட வாங்க."

மனுஷன் பார்க்குற வேலை நல்ல வேலை. மலை மேல இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியில எடுக்குற ரத்தக் குப்பியெல்லாம் ஐஸ் பெட்டியில வெச்சு, பைக்குக்குப் பின்னாடி கட்டி, கீழ டவுன்ல இருக்கிற லேபுக்குக் கொண்டுவரணும். வெயில் ஏறுறதுக்குள்ள வந்து சேரணும். அதனால வளைவு வளைவா வண்டியைச் சாய்ச்சு இறங்குவாரு. மதியம் வீட்டுக்கு வந்தா சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம். அந்தக் குறட்டைக்குத் தையல் மிஷினே தாளம் போடும்.

ஒருநாள் காலையில, பெரிய இடது வளைவுல வண்டி 'கர்ர்ருக்'குன்னுச்சு.

வண்டியை நிறுத்திட்டுக் குனிஞ்சு டார்ச்சு அடிச்சாரு. இடது ஃபுட்ரெஸ்ட் நுனி வெள்ளி மாதிரி பளபளன்னு தேஞ்சிருக்கு. இத்தனை வருஷமா அதே வளைவு, அதே சாய்மானம், ஒரு நாளும் உரசினதில்லை. ரோட்டை ஏத்திப் போட்டிருப்பானுங்களோ? இறங்கி ரோட்டையும் டார்ச்சு அடிச்சுப் பார்த்தாரு. பின்னாடி வந்த லாரிக்காரன், "என்னண்ணே, ரோடு காய்ச்சல்ல கெடக்குதா?"ன்னுட்டுப் போனான்.

லேபுல பெட்டியைக் குடுத்துட்டு, வண்டியை நேரா மச்சான் பட்டறைக்கு ஓட்டினாரு. மச்சான்னா பொண்டாட்டியோட தம்பி. மெக்கானிக். வாயில எப்பவும் ஒரு ஸ்க்ரூவைக் கவ்விக்கிட்டே பேசுற ஆளு. அவன் பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் ரெண்டையும் பார்த்துட்டு ஸ்க்ரூவைத் துப்பினான்.

"மாமா, ஸ்பிரிங்குக்குக் கீழ இந்த வளையம் இருக்குல்ல, படி படியா ஏத்தி எறக்குறது? நான் நாலாம் படியில வெச்சுக் குடுத்தேன். இது ஒண்ணாம் படியில கெடக்கு. ஐஸ் பெட்டி வெயிட்டுக்குப் பின்பக்கம் அப்படியே உக்காந்துடும். அப்புறம் சாய்ச்சா உரசாம என்ன பண்ணும்?"

"தானா எறங்கிடுச்சா?"

"தானா எறங்காது மாமா. யாரோ எறக்கியிருக்காங்க."

"யாரோ!" டார்ச்சு கண்ணைச் சுருக்கினாரு. "வண்டியைத் தொடுறது ரெண்டே பேரு. நானு, நீயி."

"அப்ப நீங்கதான்."

"ஏண்டா, என் வண்டிக்கு நானே குழி பறிச்சுக்குவேனா?"

மச்சான் கொக்கி ஸ்பேனரை மாட்டி, பல்லைக் கடிச்சு, ரெண்டு வளையத்தையும் நாலாம் படிக்கு ஏத்தினான். "ஃபுட்ரெஸ்ட் உரசினா பரவாயில்ல, மடங்கிக்கும். அதுக்கு அடுத்து சென்டர் ஸ்டாண்டு. அது மடங்காது. தரையில ஊணுச்சுன்னா பின்சக்கரத்தையே தூக்கிடும். அப்புறம் பள்ளத்துலதான் தேடணும் உங்களை."

'இவன் ஏன் இவ்வளவு அக்கறையாப் பேசுறான்?' வீடு வரைக்கும் டார்ச்சுக்கு அதே நெனப்பு. நல்ல ஸ்பிரிங்கைக் கழட்டிட்டுப் பழசைச் சொருகிட்டானோ? அதை மறைக்கத்தான் இந்த வளையக் கதையோ?

வீட்டுக்கு வந்ததும் ஒரு திட்டம் போட்டாரு. பொண்டாட்டியோட செவப்பு நெயில் பாலிஷை எடுத்து, வளையத்துலேருந்து ஷாக் மேல வரைக்கும் ஒரு கோடு இழுத்தாரு. ரெண்டு பக்கமும். இனிமே எவன் வளையத்தைத் திருகினாலும் கோடு ஒடஞ்சு காட்டிக் குடுத்துடும். பாட்டில்ல சொட்டு மிச்சமில்லாம வழிச்சுட்டாரு. காலியை எங்க எடுத்தாரோ அங்கயே வெச்சுட்டு, போலீஸ் சீல் வெச்ச மாதிரி மீசையைத் தடவிக்கிட்டாரு.

அடுத்த வாரமே பெரிய வளைவுல சென்டர் ஸ்டாண்டு ஊணிடுச்சு.

'டங்'குன்னு ஒரு சத்தம். பின்சக்கரம் வெளிப்பக்கமா வெடுக்குன்னு போச்சு. கைப்பிடிச் சுவரு முழங்காலை உரசிக்கிட்டுப் போச்சு. எப்படி நிமிந்தாருன்னு அவருக்கே தெரியாது. ஓரமா நிறுத்திட்டு, பெட்டியைத் தொறந்தாரு. குப்பி எதுவும் ஒடயலை.  அடுத்து வளையத்துல டார்ச்சு அடிச்சுப் பார்த்தாரு. கோடு ஒடயலை! முழுசா, ஜம்முன்னு இருக்கு.

அப்ப வளையத்துல தப்பில்ல. ஸ்பிரிங்குதான். மச்சானேதான்.

லேபுல பெட்டியைக் குடுத்த கையோட பட்டறையில போய் நின்னு கத்தின கத்துல பக்கத்து டீக்கடையில கிளாஸ் கழுவுற சத்தம் நின்னுச்சு. "வளையத்துல நான் வெச்ச சீலு அப்படியே இருக்கு, அப்ப ஸ்பிரிங்கை மாத்தினது நீதான்! சொந்த அக்கா தாலியோட விளையாடுறியேடா! இனி ஒன் பட்டறை வாசல்லயே கால் வைக்க மாட்டேன். அவளும் வர மாட்டா. ஒறவு இத்தோட முடிஞ்சுது!"

மச்சான் குனிஞ்சு பார்த்தான். மொகம் மாறிடுச்சு.

"மாமா, நீங்க சீல் வெச்சது எந்தப் படியில?"

"நாலாம் படியில."

"இது ஒண்ணுல இருக்கு. கோடும் ஒண்ணுலதான் இருக்கு."

டார்ச்சு மண்டி போட்டாரு. டார்ச்சை அடிச்சாரு. கோடு செவப்பு இல்ல. கிட்டத்தட்ட செவப்பு. ரோஜாப்பூ கலந்த செவப்பு. காலையில பொண்டாட்டி டம்ளரை நீட்டின கையில, அஞ்சு விரல்லயும் பார்த்த செவப்பு.

நேரா வீட்டுக்குப் போனாரு. சாப்பிட்டாரு. படுத்தாரு. வாழ்க்கையிலயே மொத தடவையா பொய்க் குறட்டை விட்டாரு. கொஞ்ச நேரத்துல கதவு முனகுச்சு. வண்டியை யாரோ தள்ளிக்கிட்டுப் போற சத்தம்.

பின்னாடியே மறைஞ்சு மறைஞ்சு போனாரு. மூடிக் கெடக்குற குடோனுக்குப் பின்னாடி காலி மைதானம். அங்க நாலு தகரப் பீப்பாய். அதைச் சுத்திச் சுத்தி, முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு, நாக்கைப் பல்லுக்கு நடுவுல கடிச்சுக்கிட்டு, அவரு பொண்டாட்டி வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கு. நிறுத்துறப்ப ரெண்டு காலும் தரையில பதமா ஊணுது.

"எதுக்குடீ?"ன்னாரு.  

அந்தம்மா பயப்படலை. "நீங்க ஒருநாள் வராமப் போனா, தேடி வர எனக்கு வண்டி ஓட்டத் தெரிய வேண்டாமா? கேட்டா விடுவீங்களா? 'எங்க போகப் போற, யாரைப் பார்க்கப் போற'ம்பீங்க."

"வளையம்?"

"காலு எட்டலை. தம்பி திருகுறதைப் பார்த்திருக்கேன்ல, அவன் போட்டுட்டுப் போன பழைய கொக்கியால நானே எறக்கினேன். எறக்க வந்துச்சு, ஏத்த எனக்குத் தெம்பு பத்தலை. வளையம் உசரத்துக்குத்தானே, உங்களுக்குத்தான் நீளக் காலாச்சேன்னு விட்டுட்டேன். கோடு ஒடஞ்சதும் திக்குன்னு ஆச்சு. பழைய கோட்டைச் சொரண்டிட்டு, புதுப் பாலிஷ் வாங்கி இழுத்துட்டேன்."

அவரு முழங்காலைக் காட்டினாரு. பேண்ட் கிழிஞ்சு, சுண்ணாம்பு ஒட்டியிருந்துச்சு. பெரிய வளைவுல நடந்ததைச் சொன்னாரு. கேட்டுக்கிட்டே அந்தம்மா பீப்பாய் மேல உக்காந்துடுச்சு. ரோஜா நெறத்து விரலால அவரு முழங்கால்ல ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டி விட்டுச்சு.

மறுநாள் மச்சான்கிட்ட ரெண்டு பேரும் போனாங்க. மன்னிப்பெல்லாம் கேக்கலை, "டீ சொல்லுடா"ன்னாரு, அவ்வளவுதான். மச்சான் சீட்டுப் பஞ்சை வெட்டித் தாழ்த்தினான். "அக்காவுக்குக் காலு எட்டணும்னா எறக்க வேண்டியது சீட்டை, ஸ்பிரிங்கை இல்ல. ரெண்டு பேரு ஏறினா வளையம் கடைசிப் படிக்குப் போகணும்."

ஞாயித்துக்கிழமை அந்தம்மா ஓட்ட, டார்ச்சு பின்னாடி உக்காந்துக்கிட்டாரு. பெரிய வளைவு வந்துச்சு. காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டாரு. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் கொறச்சு, ஒடம்பை மட்டும் உள்பக்கமாச் சாய்ச்சு, வண்டியை அதிகம் சாய்க்காம அந்தம்மா வழுக்கிக்கிட்டுப் போயிடுச்சு. ஒரு சத்தமில்லை.

"நிறுத்து"ன்னாரு. இறங்கி டார்ச்சு அடிச்சாரு. ஃபுட்ரெஸ்ட்ல புதுத் தேய்மானம் எதுவுமே இல்ல.

"என்னங்க பார்க்குறீங்க?"

"ஒண்ணுமில்ல, போ."

வீடு வந்து சேர்ற வரைக்கும் அவருக்கு அந்த ஒரு சந்தேகம்தான்: அப்ப, உரசினதுக்கு வளையம் மட்டும்தான் காரணமா?