பிளவுஸ் மாஸ்டர்

எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். சிலோன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு என் படிப்பு முடிந்தது. வரி கோணலாகப் போகும், முன்னால் நடந்தது பின்னால் வரும், சிலது மறந்தே போச்சு. பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்ல எனக்கு வராது.

என் வீட்டுக்காரர் கொடைக்கானலில் கிட்டார் வாசித்தவர். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும், சீசன் வந்தால் ஹோட்டல்களில் அவருடைய பேண்டு வாசிக்கும். அவர் வாசித்தது ப்ளூஸ். இப்போது சரியாக எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். அப்போது நாயுடுபுரத்தில் எங்கள் தெருவில் யார் வாயிலும் அது நுழையவில்லை. நான் கல்யாணமாகி வந்த புதுசில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு துணியோடு வந்து நின்றாள்.

"யக்கா, ஒங்க வீட்டுக்காரரு பிளவுஸ் மாஸ்டராமே? கழுத்த மட்டும் கொஞ்சம் எறக்கி வைக்கச் சொல்லுங்க."

"அவரு கிட்டாரு வாசிக்கிறவருங்க."

"அது கெடக்கட்டும். பிளவுஸு தைப்பாருல்ல?"

நானே வாங்கித் தைத்துக் கொடுத்தேன். எனக்கு மிஷின் இருந்தது. தோட்டத்தை விட்டு வரும்போது அப்பா, வேலை முடித்ததற்குத் தோட்டத்தில் கொடுத்த சர்வீஸ் காசில் வாங்கித் தந்த கை மிஷின். கப்பலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கரை இறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் கேம்பில் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன். அந்தப் பிளவுஸ் நன்றாக அமைந்துவிட்டது. அதற்குப் பிறகு தெருவே துணி கொண்டுவந்தது. தைத்தது நான், பெயர் அவருக்கு. "மாஸ்டர் கை மாதிரி வராது" என்று என்னிடமே சொல்லுவார்கள்.

ப்ளூஸ் என்றால் என்ன என்று ஒரு தரம் அவரிடம் கேட்டேன்.

"அமெரிக்காவுல பருத்திக்காட்டுல வேல செஞ்ச கறுப்பு ஜனங்க பாட்டு, புள்ள. கஷ்டத்தப் பாடுறது."

தேயிலைக் காட்டில் நாங்களும்தான் பாடினோம். கங்காணி கத்துவான், அவ்வளவுதான்.

சின்ன வயதில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் அவர் தோட்ட வேலை பார்த்திருக்கிறார். அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது விட்டுப்போன மரக் கிட்டாரையும் ரெக்கார்டுகளையும் வைத்துத் தானாகவே கற்றுக்கொண்டாராம். பேண்டில் அவரோடு மூன்று பேர். டிரம்ஸ் அடித்தவர் பகலில் ஜீப் ஓட்டுவார். இன்னொருவர் பேக்கரிக்காரர். பாடுகிறவர் சர்ச் கொயரில் இருந்தவர்.

மரக் கிட்டார் எப்போதும் ஜீப்காரர் ஷெட்டில்தான் இருக்கும், வீட்டுக்கு வந்ததில்லை. ஹோட்டல் சத்தத்தில் அது எடுபடவில்லையாம். கரண்ட் கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் வேண்டும் என்றார். நான் ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் மிஷினையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒரே ஒரு சீசன். அது முடிஞ்சதும் கால் மிஷினாவே வாங்கித் தாரேன்."

"ஏங்க, அது எங்கப்பா குடுத்ததுங்க."

"நான் என்ன தூக்கியா எறியப் போறேன்? வெரசா அந்த பிளவுஸ முடி."

முடித்துக் கொடுத்தேன். மறுநாள் வெள்ளனே மார்க்கெட்டில் கடை வைத்திருந்த டெய்லர் வந்து, அவரிடம் காசைக் கொடுத்துவிட்டு மிஷினைத் தூக்கிக்கொண்டு போனார்.

கரண்ட் கிட்டார் வந்தது. எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. ஆம்ப்ளிஃபயர் ஜீப் ஷெட்டிலேயே இருந்தது. வீட்டில் அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். எனக்குக் கேட்டதெல்லாம் கம்பியை நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு டிக்டிக். அவர் முகத்தைப் பார்த்தால் பெரிய பாட்டு ஓடுகிறது என்று தெரியும். அந்தப் பாட்டு என் காதுக்கு வராது.

ஒரு சாயங்காலம் அவர் மறந்துவிட்டுப்போன ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன். அந்தச் சாக்கில் கேட்டுவிடலாம் என்று ஆசை.

"யாரும்மா நீ?" என்றார் வாட்ச்மேன்.

"மாஸ்டர் சம்சாரமுங்க."

"டெய்லர் மாஸ்டரா? பின்னாடி போ, துணி வெளுக்குற எடத்துக்கு."

பின்னால் போனேன். வண்ணான் தொட்டிப் பக்கம் டிரம்ஸ் மட்டும் சுவரில் இடித்தது. ஸ்வெட்டரை அங்கிருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சீசன் முடிந்தால் கீழே ஊர்களில் கல்யாண வீடுகளுக்குப் போவார்கள். கன்னிவாடியில் நடந்ததை ஜீப்காரர்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"மதினி, அண்ணன் கண்ண மூடிக்கிட்டு ஆரம்பிச்சாரு பாருங்க, பொண்ணோட தாய்மாமன் மேடைக்கே ஏறிட்டான். 'ஏலே, இது கல்யாண வீடா, எழவு வீடாலே? சினிமாப் பாட்டுப் போடுங்கலே'ன்னான். அப்பறம் என்ன, விடியிற வரைக்கும் சினிமாப் பாட்டுதான்."

"அவரு நல்லா வாசிப்பாருங்களா?"

"என்ன மதினி இப்பிடிக் கேட்டுட்டீக? ஒரு வெள்ளைக்காரன் டேப்புல புடிச்சுக்கிட்டே போனான்ல!"

அவர் அப்படித்தான் சொல்லுவார். அவரும் பேண்டுதானே.

கால் மிஷின் வரவில்லை. ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு காரணம் இருந்தது. பிறகு ஹோட்டல்காரர்களே பெரிய பெரிய ஸ்பீக்கர் வைத்து கேசட் போட்டார்கள். பேக்கரிக்காரர் பேக்கரியோடு நின்றுகொண்டார், பாடுகிறவர் திருப்பூருக்குப் போய்விட்டார். நான் மார்க்கெட் டெய்லரிடம் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கப் போனேன். என் மிஷின் பக்கத்திலேயே எனக்குப் பலகை போட்டிருந்தார்கள். கைப்பிடி சுற்றும் சத்தத்திலேயே அதற்கு எண்ணெய் இல்லை என்று தெரியும். சொல்ல மாட்டேன்.

நெஞ்சுச் சளியில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோது ஜீப்காரர்தான் போஸ்டர் அடிக்க ஓடினார். 'ப்ளூஸ் மாஸ்டர்' என்றுதான் எழுதிக் கொடுத்தாராம். பிரஸ்காரர் அதைப் பிழை என்று நினைத்து, நல்ல மனசோடு திருத்திவிட்டார். 'பிளவுஸ் மாஸ்டர் மறைவுக்குக் கண்ணீர் அஞ்சலி.' மூலையில் கத்தரிக்கோல் படம் வேறு. பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெரு வரைக்கும் ஒட்டியிருந்தது. துக்கத்துக்கு வந்த பெண்களெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலத்தில் தைத்த மாதிரி இனி யார் பிளவுஸுக்குக் கழுத்து வெட்டுவார்கள் என்று அழுதார்கள்.

அழுதது என் வேலைக்கு. அவர் வேலைக்கு யாரும் அழவில்லை. அது எப்படிப்பட்ட வேலை என்று எனக்கே தெரியாதபோது நான் எதைச் சொல்லி அழுவது?

ஜீப்காரரும் இப்போது இல்லை. அந்த வருஷங்களில் சீசனுக்கு வந்து, ஏரிக்கு மேலே இருந்த ஹோட்டல்களில் அந்தப் பேண்டைக் கேட்டவர்கள் யாராவது இருந்தால், நான் எழுதியதில் தப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ப்ளூஸ் என்பதை இப்படித்தான் எழுத வேண்டுமா என்றும் பாருங்கள். அவர் நன்றாக வாசித்தாரா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நல்ல மிஷின் அது. அது வீணாகத்தான் போச்சா என்று எனக்குத் தெரியவேண்டும்.