பிளக்கைப் பிடுங்கும் முதலாளியும் பிரிக்ஃபீல்ட்ஸ் அக்காவும்

ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்தே இயக்க வைப்பது என் தொழில்; அதைக் கெடுப்பது உங்கள் தொழில். ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன். சாயங்காலம் கடைசி ஆளாகக் கிளம்பும்போது, விளக்கை அணைத்த கையோடு கம்ப்யூட்டர் பிளக்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகிறீர்களே, அந்த நீங்கள்தான். பெயரை எழுத மாட்டேன். கிள்ளானில் பாதிப் பேருக்கு உங்களைத் தெரியும். மீதிப் பேரிடம் நானே சொல்லிவிட்டேன்.

‘இணைப்பு கிடைக்கவில்லை’ என்ற வரியைப் பார்த்துப் பார்த்தே இரத்தக் கொதிப்பு வாங்கிய மற்றவர்களே, கதையைக் கேட்டுவிட்டு நீங்கள் நியாயம் சொல்லுங்கள்.

வாசல்வரை போன பேரம்

திலகம் அக்கா கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. துறைமுகத்துக்குள் லோரி நுழைய வேண்டுமென்றால் அவர் முதலில் கம்ப்யூட்டர் வழியாக நுழைவுப் பத்திரம் அனுப்ப வேண்டும். அனுப்புகிற புரோகிராம் ஆபீசில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. இந்த நிலையில் அவர் கணவர் பக்கவாதம் வந்து, தூரத்தில் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் படுத்துவிட்டார். புரட்டிப் படுக்க வைக்கவும் கஞ்சி ஊட்டவும் அக்காவை விட்டால் ஆள் கிடையாது. அக்காவின் சம்பளத்தை விட்டால் வீட்டுக்கு வேறு வழியும் கிடையாது. “வீட்டிலிருந்தே செய்கிறேன்” என்று கேட்டிருக்கிறார். முதலாளி முடியாது என்றுவிட்டார். மேலே ஒருவரைத் திட்டினேனே, அவரேதான் அந்த முதலாளி.

அக்காவுக்காக நான் பேசப் போனேன். செலாயாங் பாசாரில் காய்கறி மூட்டை இறக்கிய காலத்தில், நாலு பேரிடம் ஏமாந்து கற்றுக்கொண்ட பேரம் என்னுடையது. முதலில் பெரிதாகக் கேட்க வேண்டும், அப்புறம் கோபப்பட வேண்டும், அப்புறம் எழுந்துவிட வேண்டும். ஒரு வருடத்துக்கு அனுமதி கேட்டேன். கத்தினேன். கோபம் மட்டும் எனக்கு நடிப்பாக வராது, நிஜமாகவே வந்துவிடும். வாசலில் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: “சரி, ஒரு மாசம் பாக்குறேன். ஆனா என் லோரி ஒண்ணு பேப்பர் இல்லாம போர்ட் கேட்ல நின்னுச்சுன்னா, மறுநாளே அவங்க ஆபீசுக்கு வந்துரணும், இல்லன்னா நான் வேற ஆள் பாத்துக்குவேன் லா!”

திரைக்குள் திரை

முதல் நாளே போன். “தம்பி, திரைக்குள்ள ஒரு திரை தெரியுது. அதுக்குள்ள இன்னொண்ணு, அதுக்குள்ள இன்னொண்ணு. சுரங்கம் மாதிரி போய்க்கிட்டே இருக்கு. எனக்கு மயக்கமா வருது.”

விஷயம் புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எந்தக் கம்ப்யூட்டருக்குள் போக வேண்டுமோ அதன் எண்ணைக் கட்டத்தில் போட வேண்டும். ஆபீஸ் எண்ணைத் தாளில் எழுதி ஒட்டிக் கொடுத்திருந்தேன். அக்கா தன் வீட்டுக் கம்ப்யூட்டரின் எண்ணைப் போட்டுவிட்டார். வீட்டிலிருந்து கிளம்பி வீட்டுக்கே வந்து, மறுபடியும் வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறார். “ஆபீஸ் நம்பர்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே அக்கா!” என்று கத்தினேன். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. “இந்த நாட்டுல எந்தக் கவுன்டருக்குப் போனாலும் மொதல்ல நம்ம நம்பரத்தானே தம்பி கேக்குறாங்க?”

பச்சை விளக்கு டப்பா

சரி, சுரங்கம் அடைபட்டது. மறுநாள் காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு உயிரே இல்லை. ஓடினேன். பிளக் தரையில் கிடந்தது. கரண்ட் திரும்பி வந்தால் தானாகவே எழுந்துகொள்ளும்படி கம்ப்யூட்டரை மாற்றிவைத்தேன். பிளக்கைச் சுவரோடு டேப் போட்டு ஒட்டி, ‘கம்ப்யூட்டரைத் தொடாதே’ என்று தமிழிலும் மலாயிலும் பெரிதாக எழுதிவைத்தேன்.

அடுத்த நாள் காலையில் மறுபடியும் இணைப்பு இல்லை. இந்தத் தடவை கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. இன்டர்நெட் மோடத்தின் பிளக்கைக் காணவில்லை. லோரி யார்டைத் தாண்டுவதற்குள் மாட்டிவிட்டேன். இல்லாவிட்டால் அன்றைக்கே அக்காவின் கதை முடிந்திருக்கும். “ஏன் பாஸ் இப்படிப் பண்றீங்க?” என்று நான் தொண்டை கிழியக் கேட்டதற்கு, காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “கம்ப்யூட்டரத்தானே தொடாதன்னு எழுதுன? அந்தப் பச்ச லைட்டு டப்பா ராவெல்லாம் யாருக்கும் இல்லாம சும்மா மினுக்கிக்கிட்டுக் கெடக்கு!”

எலுமிச்சம்பழம்

மாதம் முடியப் போகிற நேரம், ஆயுத பூஜை வந்தது. காலையில் அக்கா கூப்பிட்டார். வழக்கமான புலம்பல் இல்லை, குரல் அடங்கிப்போயிருந்தது. “தம்பி, உள்ள போகவே முடியல. லோரி ஒண்ணு பூஜைய முடிச்சுட்டு போர்ட்டுக்குக் கெளம்பிருச்சாம். கேட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பேப்பர் போகணும். எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்கிறேன். இவர யார்கிட்ட விட்டுட்டு நாளைக்கு ஆபீஸ் வர்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.”

காரை எடுத்துக்கொண்டு போனேன். ஆபீசில் சாம்பிராணிப் புகை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், திரையின் குறுக்கே சாமந்தி மாலை. பிளக் கழற்றி, வயரைச் சுருட்டி, அதற்கும் ஒரு பொட்டு. பாஸ் வெள்ளை வேட்டியில் கையெடுத்து நின்றார். “ஆயுதத்துக்கு இன்னிக்கு ஓய்வு. நாளைக்கு மறுபூஜை வெச்சுத்தான் எடுக்கணும்.” நம் வீட்டுப் பூஜை துறைமுகத்துக்குத் தெரியுமா? சாமி முன்னால் என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். மனிதர் கண்ணைத் திறக்கவில்லை.

அப்போதுதான் வெளியே பார்த்தேன். டிரைவர் அடுத்த லோரியின் டயர்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். உடனே குரலை இறக்கினேன். “பாஸ், லோரியும் ஆயுதந்தானே? பூஜை முடிஞ்சதும் அத மட்டும் எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி ஓட்டிப் பாக்குறீங்க. கம்ப்யூட்டர் என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்கும் ஒரே ஒரு ரவுண்டு குடுங்க. ஒரு பேப்பர் போகட்டும், அப்புறம் தூங்கட்டும்.”

பாஸ் கண்ணைத் திறந்து, வெளியே லோரியைப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்தார். கம்ப்யூட்டருக்குச் சக்கரம் எங்கே என்று குனிந்து தேடினார். கிடைக்காமல் போகவே, மேசைக்கு முன்னால் பழத்தை வைத்துத் தன் குதிகாலாலேயே நசுக்கிவிட்டு, பிளக்கை அவர் கையாலேயே மாட்டினார். திரை எழுந்தது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அக்கா உள்ளே வந்தார். மாலைக்குப் பின்னால் அம்பு நகர்ந்தது, கட்டங்கள் நிரம்பின, பத்திரம் போனது. லோரி நிற்காமல் கேட்டைத் தாண்டிவிட்டது என்று போர்ட் கிள்ளானிலிருந்து செய்தி வந்தபோது நான் அங்கேயே ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து, கொடுத்த சுண்டலையெல்லாம் தின்றேன். போனில் அக்கா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பாஸ் மட்டும் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்ப்பா, அவங்க வராமயே இவ்வளவு சுளுவா வேல ஓடுதுன்னா, நான் எதுக்கு அவங்கள வரச் சொன்னேன்?”

இனி உங்கள் பாடு

அந்த மாதம் முடிந்து, அதற்கப்புறமும் சில மாதங்கள் ஓடிவிட்டன. லோரிகள் போகின்றன, அக்கா கஞ்சியும் ஊட்டுகிறார், பத்திரமும் அனுப்புகிறார். நானும் போன் மணி கேட்டால் அலறுவதில்லை. ஆனால் பாஸ், ‘இனி வீட்டிலேயே இருந்து செய்யுங்கள்’ என்று நீங்கள் அந்த அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அவர் என்னைக் கூப்பிட்டு, “ஏதாச்சும் சொன்னாரா தம்பி?” என்று கேட்கிறார். எவ்வளவு தூரத்திலிருந்தும் எந்தக் கம்ப்யூட்டரையும் பேச வைத்துவிடும் எனக்கு உங்கள் வாயைத் திறக்கும் பாஸ்வேர்ட் மட்டும் கிடைக்கவில்லை, ஆகவே இன்றைக்கே அக்காவுக்கு நீங்களே போன் போட்டு, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலையுங்கள் லா!